அஷிகாகா தகாவுஜி: நான்கு முறை தரப்பு மாறிய தளபதி – ஒரு நிகழ்வு ஆய்வு

1336-ஆம் ஆண்டு, ஜப்பானின் பழைய நாட்காட்டிப்படி எட்டாம் மாதம் பதினேழாம் நாள். கியோத்தோவின் கியோமிசு கோயிலுக்கு ஒரு தளபதி தன் கைப்பட ஒரு வேண்டுதல் எழுதி வைக்கிறார். இரண்டு நாளைக்கு முன்புதான் அவர் தேர்ந்தெடுத்த இளவரசர் பேரரசராக அரியணை ஏறியிருக்கிறார். தலைநகரம் அவர் கையில். அவர் மிகவும் அஞ்சிய எதிரி குசுனோகி மசாஷிகே களத்தில் இறந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. இப்படி எல்லாம் கைகூடி வந்த நேரத்தில் ஒருவர் தெய்வத்திடம் என்ன கேட்பார்? இவர் கேட்டது இது: இந்த உலகம் கனவு போன்றது, எனக்குத் துறவு மனத்தைக் கொடுங்கள், மறுமையில் என்னைக் காப்பாற்றுங்கள், சீக்கிரமே உலகை விட்டு ஒதுங்க விரும்புகிறேன், இந்தப் பிறவியில் எனக்குரிய நற்பலனை ததாயோஷிக்குக் கொடுத்து, அவனைப் பத்திரமாகக் காத்தருளுங்கள்.

ததாயோஷி அவருடைய தம்பி. பதினைந்தரை ஆண்டு கழித்து அதே தம்பி அண்ணனிடம் போரில் தோற்று, காமாகுராவில் காவலில் இருந்தபோது இறந்தார். நஞ்சு வைத்துக் கொன்றார்கள் என்கிறது அந்தக் காலப் போர்களைப் பாடும் ‘தைஹெய்கி’.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே நிற்கும் மனிதர்தான் இந்த ஆய்வின் பொருள். அஷிகாகா தகாவுஜி (1305–1358), 1573 வரை நீடித்த முரோமாச்சி ஷோகுன் (பேரரசரின் பெயரால் நாட்டை ஆளும் படைத்தலைவர்) ஆட்சியைத் தொடங்கியவர். இருபது ஆண்டுக்குள் நான்கு முறை தரப்பு மாறியவர். 1333-இல், காமாகுராவிலிருந்து நாட்டை ஆண்ட வீரர்களின் அரசை விட்டு பேரரசர் கோ-டைகோ பக்கம் போனார். 1335-இல் அந்தக் கோ-டைகோவை எதிர்த்தார். 1351-இல் கோ-டைகோவின் வாரிசிடம் சரணடைந்தார். 1352-இல் அதுவும் முறிந்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஜப்பானில் நெடுங்காலம் அப்படித்தான் முடித்தார்கள். எனக்கு அது போதவில்லை. பதவி ஆசை மட்டுமே காரணம் என்றால், கியோமிசுவில் வைத்த அந்தத் தாளை என்ன செய்வது?

பெயரில் ஓர் எழுத்து

தகாவுஜி என்ற பெயரிலேயே அவர் கதை பாதி இருக்கிறது. அன்றைய வழக்கப்படி ஒரு பெரியவர் தன் பெயரிலிருந்து ஓர் எழுத்தை இளையவனுக்குக் கொடுப்பது பெரிய மரியாதை. சிறுவன் வளர்ந்து ஆளானபோது காமாகுரா அரசை ஆட்டிவைத்த ஹோஜோ குடும்பத்தின் தலைவர் தகாதோகி தன் பெயரின் ‘தகா’வைக் கொடுத்தார். ‘உயரம்’ என்று பொருள்படும் எழுத்து அது. 1333-இல் அதே ஹோஜோ குடும்பத்தை வீழ்த்த உதவியதற்காகப் பேரரசர் கோ-டைகோ தன் இயற்பெயரான தகாஹாருவிலிருந்து இன்னொரு ‘தகா’வைக் கொடுத்தார். உச்சரிப்பு ஒன்றுதான், எழுத்து வேறு. இதற்குப் பொருள் ‘போற்றுதற்குரிய’. காதில் கேட்டால் எந்த மாற்றமும் தெரியாது. தாளில் பார்த்தால் எஜமானர் மாறியிருப்பார்.

இதில் என்னை நிறுத்தியது அடுத்த விஷயம். கோ-டைகோவை எதிர்த்துப் போரிட்ட பிறகும் அவர் கொடுத்த எழுத்தைத் தகாவுஜி விடவில்லை. கியோமிசு வேண்டுதலின் கீழே இருப்பதும் அந்த எழுத்துத்தான். சாகும்வரை அதையே வைத்துக்கொண்டார்.

விசுவாசத்தின் கணக்கு

மேலே போவதற்கு முன் அந்தக் காலத்தில் விசுவாசம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவது நல்லது. நாம் செஞ்சோற்றுக் கடன் என்று சொல்லும்போது கடன் ஒரு பக்கமாகத்தான் ஓடுகிறது. சோறு போட்டவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் உயிரைக் கொடுத்தாக வேண்டும். காமாகுரா வீரர்களின் கணக்கு அப்படி இல்லை. தலைவர் கொடுப்பது ‘கோ-ஒன்’: வீரனின் பரம்பரை நிலத்துக்கு உறுதிச்சீட்டு, களத்தில் உழைத்தால் புது நிலம். வீரன் கொடுப்பது ‘ஹோகோ’: படைச் சேவை. ஒரு பக்கம் நின்றால் மறுபக்கமும் நின்றுவிடும். யாரும் அதைத் துரோகம் என்று உடனே சொல்லவும் மாட்டார்கள்.

1274-லும் 1281-லும் மங்கோலியப் படைகள் கியூஷூவில் இறங்கின. அவற்றை விரட்டியாயிற்று. ஆனால் தற்காப்புப் போரில் எதிரியின் நிலம் எதுவும் கைக்கு வராது. உழைத்தவர்களுக்குக் கொடுக்கக் காமாகுரா அரசிடம் நிலம் இல்லை. வீரர்கள் கடனாளி ஆனார்கள். 1297-இல் கடன்களை ரத்துசெய்து ஆணை போட்டும் தீரவில்லை. இன்னொரு பக்கம் ஹோஜோ குடும்பம் மாகாணப் பதவிகளைத் தன்னிடமே குவித்துக்கொண்டது. அஷிகாகா குடும்பத்தாருக்கு இந்த நிலப் பஞ்சம் நேரடியாக வலிக்கவில்லை. ஷிமோத்சுகே மாகாணத்தைச் சேர்ந்த அவர்கள் காமாகுராவின் வீரக் குடும்பங்களிலேயே முன்வரிசை. தலைமுறை தலைமுறையாக ஹோஜோவோடு பெண் எடுத்தவர்கள். தகாவுஜியின் மனைவி தோஷி, ஹோஜோ அரசின் கடைசி ஆட்சிப் பொறுப்பாளர் மொரிதோகியின் தங்கை. ஆனால் அவர் பின்னால் வரக்கூடிய ஆயிரக்கணக்கான சிறு வீரர்களுக்கு வலித்தது. அவர்கள் ஒரு தலைவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

முதல் திருப்பம்: ஷினோமுரா, 1333

1331-இல் கோ-டைகோ காமாகுராவுக்கு எதிராகக் கிளம்பியபோது அவரைப் பிடிக்கப் போன படையில் தகாவுஜியும் ஒருவர். அப்போது அவருடைய தந்தை இறந்து துக்கம்கூட முடியவில்லை. புறப்படு என்று ஆணை வந்தது. கோ-டைகோ பிடிபட்டு ஓகி தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1333-இல் அங்கிருந்து தப்பி வந்தார். மறுபடி தகாவுஜிக்கு ஆணை. இந்த முறை காமாகுரா சும்மா அனுப்பவில்லை. மனைவியையும், பிறக்கும்போதே ஒரு வயது என்று எண்ணும் அன்றைய கணக்கில் நான்கு வயதான மகன் சென்ஜுவோவையும் பிணையாக வைத்துக்கொண்டு, சத்தியப் பத்திரமும் எழுதி வாங்கியது என்கிறது தைஹெய்கி.

தலைநகரை நெருங்கியதும் உடன் வந்த இன்னொரு தளபதி நகோஏ தகாஇஏ போரில் அம்பு பட்டு இறந்தார். தகாவுஜி தலைநகருக்குள் நுழையாமல் தம்பா மாகாணத்தின் ஷினோமுராவுக்குப் போனார். அங்கே போர்த் தெய்வமான ஹச்சிமானின் கோயிலில் கொடி ஏற்றினார். ஒரு அம்பை எடுத்துச் சன்னதியில் வைத்தார், தம்பியும் வைத்தார், அப்புறம் ஒவ்வொரு வீரனாக வைக்க, அம்புகள் குன்றுபோலக் குவிந்தன என்பது கதை. அந்த அம்புமேடு என்று ஓர் இடத்தை இன்றும் கோயிலில் காட்டுகிறார்கள். அதே நாட்களில் தொலைதூர மாகாணங்களின் தலைவர்களுக்கு இவர் அனுப்பிய அழைப்புகள் சின்னஞ்சிறு பட்டுத் துண்டுகளில் எழுதப்பட்டவை. தூதன் தலைமுடியின் கொண்டைக்குள் வைத்துக்கொண்டு போகிற அளவு.

ஐந்தாம் மாதம் 7-ஆம் நாள் தலைநகரில் இருந்த காமாகுராவின் ரொகுஹாரா அலுவலகம் விழுந்தது. 22-ஆம் நாள், கோ-டைகோ பக்கம் நின்ற இன்னொரு தளபதி நித்தா யோஷிசாதாவின் படையிடம் காமாகுராவே விழுந்தது. தோஷோ-ஜி கோயிலில் தகாதோகியும் அவரோடு 870-க்கும் மேற்பட்டவர்களும் தங்களை மாய்த்துக்கொண்டதாகத் தைஹெய்கி எழுதுகிறது. பிணையாக இருந்த மனைவியும் சின்ன மகனும் முன்பே தப்பிவிட்டார்கள். மூத்த மகன் தகேவாகாமாருவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தப்பி ஓடும் வழியில் கொல்லப்பட்டான். தங்கையின் கணவர் கட்சி மாறியதால் தன் மேல் விழுந்த சந்தேகத்தைத் துடைக்க மொரிதோகி போர்முனையிலேயே உயிரை விட்டார்.

இந்த முதல் திருப்பத்தில் தகாவுஜிக்காக நான் வாதாடப்போவதில்லை. தம்பியைக் காப்பாற்றும் நெருக்கடி எதுவும் அப்போது இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார், சொந்தப் பிள்ளைகளைப் பணயம் வைத்துத் துணிந்தார்.

இரண்டாவது: வெட்டிய குடுமி, 1335

ஆய்வு கனக்கிற இடம் இதுதான்.

கோ-டைகோ நேரடி ஆட்சியைத் தொடங்கினார். நிலவுரிமை எல்லாம் தன் ஆணையால்தான் செல்லும் என்றார். நாடு முழுவதிலிருந்தும் வீரர்கள் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு தலைநகருக்கு ஓடிவர, அலுவலகங்கள் திணறின. 1334-இல் நிஜோ ஆற்றங்கரையில் யாரோ எழுதிவைத்த கேலிப்பாட்டு, இப்போது தலைநகரில் மலிந்து கிடப்பவை என்று பட்டியல் போடுகிறது: இரவுத் தாக்குதல், கொள்ளை, போலி அரசாணை. களத்தில் இரத்தம் சிந்தியவர்களை விட அரண்மனையைச் சுற்றி இருந்தவர்களுக்கு நிலம் அதிகம் போனது என்ற மனக்குறை பரவியது. தகாவுஜிக்குப் பதவியும் மாகாணங்களும் கிடைத்தன, ஆனால் புது அரசின் முக்கிய அலுவலகம் எதிலும் இடம் இல்லை. ‘தகாவுஜி இல்லை’ என்பதே அரண்மனை வட்டாரத்தில் ஒரு பேச்சாக ஓடியது.

1335 ஏழாம் மாதம், தகாதோகியின் மகன் தோகியுகி படை திரட்டிக் காமாகுராவைப் பிடித்தான். அங்கே காவல் இருந்தவர் ததாயோஷி. தோற்றுப் பின்வாங்கும்போது, தன் பொறுப்பில் சிறையிருந்த கோ-டைகோவின் மகன் மொரியோஷியைக் கொல்லச் சொல்லிவிட்டுப் போனார். தகாவுஜி ஷோகுன் பட்டம் கேட்டார். கோ-டைகோ தரவில்லை. அனுமதி இல்லாமலே எட்டாம் மாதம் 2-ஆம் நாள் கிளம்பி, 19-ஆம் நாள் காமாகுராவை மீட்டார்.

மீட்ட கையோடு உடன் போரிட்டவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார். பேரரசரின் உரிமையில் கை வைத்தது இங்கேதான். திரும்பி வா என்று ஆணை வந்தது. தகாவுஜி போகத் தயாராக இருந்தார், ததாயோஷி தடுத்தார் என்று அஷிகாகா தரப்பு வரலாறான ‘பைஷோரோன்’ சொல்கிறது. நித்தா யோஷிசாதா தலைமையில் அரசப் படை கிளம்பியதும் தகாவுஜி செய்த காரியம் அவருடைய வீரர்களைத் திகைக்க வைத்திருக்கும். பேரரசருக்கு எதிராக வில்லெடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஜோகோம்யோ-ஜி கோயிலில் போய் உட்கார்ந்து குடுமியை அறுத்துக்கொண்டார்.

ததாயோஷி தனியாகப் போருக்குப் போனார். யஹாகியில் தோல்வி, தெகோஷிகவாராவில் தோல்வி, ஹாகோனே மலையில் முற்றுகை. செய்தி வந்ததும் தகாவுஜி எழுந்தார். தம்பி உயிரை விட்டால் நான் மட்டும் இருந்து என்ன பயன் என்றாராம். துறவியாகப் போனாலும் விடாமல் கொல்வோம் என்று பேரரசர் பெயரில் ஒரு பொய்யாணையைத் தயாரித்துக் காட்டித்தான் அவரை எழுப்பினார்கள் என்று தைஹெய்கி வேறு கதை சொல்கிறது. எதுவாக இருந்தாலும் குடுமி போனது போனதுதான். அறுத்த முடியோடு அவர் களத்தில் நின்றால் எதிரிக்கு அடையாளம் தெரிந்துவிடுமே! அவருடைய வீரர்கள் எல்லோரும் தங்கள் முடியையும் அதே மாதிரி வெட்டிக்கொண்டார்கள். சாமுராய்க்குக் குடுமி என்பது மானம். ஒரு படை முழுக்க அதை வெட்டிக்கொண்டு ஒரு மனிதரை நடுவில் மறைத்துக்கொள்கிறது. பதவிப் பித்தருக்கு இப்படி யாராவது செய்வார்களா என்று நான் இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் யோசிப்பேன். பன்னிரண்டாம் மாதம் 11-ஆம் நாள் தகேனோஷிதாவில் அவர்கள் வென்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாகப் போகிறது. 1336 தொடக்கத்தில் கியோத்தோவைப் பிடித்து, சில வாரங்களில் இழந்து, கியூஷூவுக்கு ஓடினார். ஓடும் வழியில் அவர் செய்த ஒரு காரியம் மட்டும் அரசியல் ரீதியாக மிகக் கூர்மையானது. அரச குடும்பம் அப்போது இரண்டு கிளையாக இருந்தது. கோ-டைகோ தள்ளிவைத்த மறுகிளையின் முன்னாள் பேரரசர் கோகோனிடமிருந்து அவர் கேட்டிருந்த ஆணை தோமோ துறைமுகத்தில் வந்து சேர்ந்தது. அதுவரை தகாவுஜி அரசின் பகைவர். சேர வந்தவர்களும் அந்தச் சொல்லுக்கு அஞ்சினார்கள். அந்தத் தாள் வந்ததும் இரண்டு பேரரசர்களுக்கு நடுவே உள்ள சண்டையாக அது மாறிவிட்டது. கியூஷூவின் ததாராஹாமாவில் தன்னை விடப் பெரிய படையை வென்று திரும்பி, ஐந்தாம் மாதம் 25-ஆம் நாள் மினாதோகாவாவில் மசாஷிகேயை வீழ்த்தினார். மசாஷிகேயின் தலையை மரியாதையோடு குடும்பத்துக்கு அனுப்பிவைத்தார். அடுத்தது தலைநகரம், கோமியோ பேரரசரின் பட்டமேற்பு, கியோமிசு வேண்டுதல். கோ-டைகோ யோஷினோ மலைக்குத் தப்பித் தனி அரசவை வைத்தார். 1392 வரை ஜப்பானில் வடக்கு, தெற்கு என்று இரண்டு அரசவைகள் இருந்தன.

இரண்டு கை ஆட்சி

1338-இல் தகாவுஜி ஷோகுன் ஆனார். ஆனால் வேண்டுதலில் எழுதியதை ஏறக்குறையச் செய்தும் காட்டினார். வழக்கு, நீதி, நிர்வாகம் எல்லாம் ததாயோஷியிடம். படையும் வெகுமதியும் மட்டும் தன்னிடம். ஜென் துறவி முசோ சோசேகி இவரிடம் கண்ட மூன்று குணங்களை பைஷோரோன் பதிவு செய்திருக்கிறது: போரில் சாவைக் கண்டு முகம் மாறாதவர், பகைவனையும் வெறுக்காதவர், பொருளை மண்ணும் கல்லும் போல நினைப்பவர். எட்டாம் மாதம் முதல் நாள் பரிசுகள் வந்து குவியுமாம். அத்தனையும் வந்தவர்களுக்கே கொடுத்து, மாலையில் ஒன்றும் மிஞ்சாதாம். 1339-இல் யோஷினோவில் கோ-டைகோ இறந்தபோது, அவருடைய ஆன்மா அமைதிக்காகத் தென்ரியூ-ஜி கோயிலைக் கட்டினார். பணம் போதாமல் சீனாவுக்கு வாணிபக் கப்பல் அனுப்பிச் சம்பாதித்துக் கட்டினார்கள்.

நல்ல ஏற்பாடாகத் தெரிந்த இதில்தான் விஷம் இருந்தது. ததாயோஷி சட்டக்காரர். கோயில்களின், பிரபுக்களின் பழைய நிலவுரிமையைக் காப்பாற்றித் தீர்ப்புச் சொல்வார். அண்ணனின் வலக்கையாக இருந்த கோ நோ மொரோநாவோவின் பின்னால் நின்றவர்களோ போரில் புதிதாக வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அதே நிலம் வேண்டும். அண்ணன் கொடுக்கிற கை, தம்பி நிறுத்துகிற கை. சண்டை எப்போது வெளியே வரும் என்பதுதான் கேள்வி.

1349-இல் மொரோநாவோ படையோடு வந்து தகாவுஜியின் மாளிகையையே சூழ்ந்தார்; உள்ளே தஞ்சம் புகுந்திருந்த ததாயோஷி பதவி இழந்து துறவியானார். 1350-இல் தகாவுஜி தன் இன்னொரு மகன் ததாஃபுயுவை அடக்க மேற்கே கிளம்பினார். மகன் என்று அவர் ஒப்புக்கொள்ள மறுத்த பிள்ளை, ததாயோஷி தத்தெடுத்து வளர்த்த பிள்ளை. அந்த நேரம் பார்த்து ததாயோஷி தப்பிப்போய்த் தெற்கு அரசவையில் சேர்ந்தார். ஆக, அந்தக் கதவைத் தட்டியதில் முந்தியவர் தம்பிதான்.

1351 இரண்டாம் மாதம் உச்சிதேஹாமாவில் அண்ணன் தோற்றார். 26-ஆம் நாள் மொரோநாவோ கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய நாள் ததாயோஷியின் ஒரே மகன், அன்றைய கணக்கில் ஐந்து வயதான நியோயிமாரு இறந்துபோனான். வென்றவருக்கு வெற்றி இனிக்கவில்லை. தோற்ற தகாவுஜியோ பேச்சுவார்த்தையில் வென்றவர்போல நடந்துகொண்டார்: என்னோடு நின்றவர்களுக்குத்தான் முதலில் வெகுமதி என்று பிடிவாதம் பிடித்தார். ததாயோஷி சம்மதித்தார். தகாவுஜியை யாரும் ஏன் முழுவதுமாகக் கைவிடவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த சிறந்த சான்று இது. மேலே இருந்தவர்களிடம் நான்கு முறை வாக்குத் தவறியவர், கீழே இருந்தவர்களின் கணக்கைத் தோல்வியிலும் தீர்க்கப் பார்த்தார்.

மூன்றாவதும் நான்காவதும்

சமாதானம் சில மாதம்தான். தம்பி வடக்கே தப்பிக் காமாகுராவுக்குப் போனார். பின்தொடர்ந்தால் முதுகுப்புறம் தெற்குப் படை கியோத்தோவில் புகும். அதைத் தடுக்க, 1351 பத்தாம் மாதம் தகாவுஜி தெற்கு அரசவையிடம் சரணடைந்தார். தம்பியைத் தண்டிக்க அவர்களிடமே ஆணையும் வாங்கினார். அதற்கு விலையாக, தானே உருவாக்கிய வடக்கு அரசவையின் பேரரசர் சுகோ பதவி இழந்தார். தகாவுஜியின் வாழ்க்கையில் எனக்கு மன்னிக்க முடியாத இடம் இது. 1335-இல் ஆட்களும் தம்பியும் நெருக்கினார்கள் என்று சொல்லலாம். இங்கே தம்பியை ஒழிக்க, பதினைந்து ஆண்டுச் சாவுகளுக்கு இருந்த காரணத்தையே விற்றார்.

சத்தா கணவாயில் வென்று, 1352 முதல் மாதம் காமாகுராவில் நுழைந்தார். ததாயோஷி சரணடைந்தார். இரண்டாம் மாதம் 26-ஆம் நாள் இறந்தார்; மொரோநாவோ கொல்லப்பட்டு நாள் பிசகாமல் ஒரு வருடம். நஞ்சு என்ற பேச்சு பிடித்துக்கொள்ள அந்தத் தேதியே போதுமானதாக இருந்தது. நோயால் இறந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

தெற்கோடு செய்த உடன்பாடு ஐந்து மாதம்கூட நிற்கவில்லை. அவர் கிழக்கே இருந்தபோது தெற்குப் படை கியோத்தோவில் புகுந்து, வடக்கு அரசவையின் கோகோன், கோமியோ, சுகோ மூவரையும் பிடித்துக்கொண்டு போனது. பட்டம் கட்ட ஆளும் இல்லை, அரசச் சின்னங்களும் இல்லை. கோகோனின் தாயாரின் ஆணையை வைத்து கோ-கோகோன் என்ற இளவரசரை ஏற்றினார்கள். மீதி ஆண்டுகள் மகன் ததாஃபுயுவோடு சண்டையில் கழிந்தன. 1355-இல் அந்த மகன் கியோத்தோவையே பிடித்தான்.

பின்னால் வந்தவர்கள்

1863-இல் பேரரசர் ஆதரவாளர்கள் கியோத்தோவின் தோஜி-இன் கோயிலில் இருந்த முதல் மூன்று அஷிகாகா ஷோகுன்களின் மரச்சிலைகளின் தலைகளை எடுத்து ஆற்றங்கரையில் குற்றவாளிகளின் தலைபோல வைத்தார்கள். 1911-இல் பாடப்புத்தகத் தகராறு எழுந்து, தெற்கு அரசவையே முறையானது என்று அரசு முடிவு செய்தது. 1934-இல், தகாவுஜியைப் பாராட்டிக் கட்டுரை எழுதியதற்காக வணிகத் தொழில் அமைச்சர் நகாஜிமா குமாகிச்சி பதவி விலக வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மனநிலை ஏற்ற இறக்கம் என்று சொல்லி விளக்கப் பார்த்தார்கள். 600 ஆண்டுக்கு முன் இறந்தவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் கையெழுத்திலேயே போதுமான அளவு இருக்கிறது.

1354-இல் பௌத்த நூல்தொகுதி முழுவதையும் படியெடுக்க வைத்தார். பெற்றோருக்காகவும், கோ-டைகோவுக்காகவும், 1331-இலிருந்து போர்களில் செத்த எல்லோருக்காகவும் அந்தப் புண்ணியத்தை எழுதி வைத்தார். 1358 இரண்டாம் மாதம், இறந்து ஆறு ஆண்டான ததாயோஷிக்கு அரசவையில் இரண்டாம் நிலையின் கீழ்வரிசைப் பட்டம் தரவேண்டும் என்று கேட்டு வாங்கிக் கொடுத்தார். அப்போது தகாவுஜிக்கு வயது அன்றைய கணக்கில் 54. முதுகில் வந்த கட்டி ஆறவில்லை. நான்காம் மாதம் 30-ஆம் நாள் கியோத்தோவில் இறந்தார்.